பதினேழாம் எண், எல்லை மீறல்

நான் பொய் எழுதினேன். ஒரே ஆள்மேல், ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, நாற்பத்து மூன்று தடவை. யாரையும் கெடுக்க நினைத்து எழுதவில்லை. அப்படிச் சொன்னால் என் வீட்டுக்காரி, "நெனச்சு எழுதியிருந்தா இன்னும் எவ்வளவு பண்ணியிருப்பீங்களோ" என்கிறாள். அவள் வாய்க்கு யார் பூட்டுப் போடுவது? அவள் சொல்வதும் சரிதான்.

அரசாங்கப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் பதினோரு வருடமாக நான் செக்யூரிட்டி. பிறவியிலேயே மன வளர்ச்சி குன்றியவர்கள் நூற்றுப் பத்துப் பேர் உள்ளே இருக்கிறார்கள். பிள்ளைகள் இல்லை, எல்லாரும் பெரியவர்கள். தலை நரைத்தவர்களும் உண்டு. செக்யூரிட்டி என்றால் திருடன் வராமல் பார்ப்பவன் என்று என் மகள்கூட நினைத்திருந்தாள். எந்தத் திருடன் அங்கே வரப்போகிறான்? பழைய மெத்தையையும் பிளாஸ்டிக் தட்டையும் தூக்கிக்கொண்டு போகவா? உள்ளே இருப்பவர்கள் வெளியே போகாமல் பார்ப்பதுதான் எங்கள் வேலை. அதை அப்படியே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

உள்ளே ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பதினேழாம் எண்காரனை நாங்கள் மேனேஜர் என்போம். நாற்பத்தொரு வயது, குட்டையான ஆள், உருண்டை முகம். காலையில் பல் விளக்கியதும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வார்டு வார்டாகக் கிளம்பிவிடுவான். கட்டிலைத் தட்டிப் பார்ப்பான், சமையல்கட்டில் பாத்திர மூடியைத் திறந்து பார்ப்பான், "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டு அடுத்த இடத்துக்குப் போவான். எங்கள் சூப்பிரண்டு மேடம்கூட அவ்வளவு அக்கறையாகச் சுற்றியதில்லை. எல்லாம் பார்த்து முடித்ததும் கேட்டுக்கு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொள்வான். என்னை "கேட்டு மாமா" என்பான்.

அவனுக்கென்று இந்த உலகத்தில் இருப்பது ஒரு தங்கச்சி. தையல் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கேட்டால், "இவனையும் சேத்துக் கட்டிக்கிறவன் எங்கண்ணே கிடைப்பான்" என்று சிரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு டாணென்று கேட்டில் நிற்பாள். அவனுக்குத் தலை சீவி, நகம் வெட்டி, வாரம் முழுக்க நடந்ததை எல்லாம் அவனிடம்தான் கொட்டுவாள். அவன் "சரி, சரி" என்று கேட்டுக்கொள்வான். அவள் கிளம்பும்போது அழ மாட்டான். அடுத்த ஞாயிறு வருவாள் என்று தெரியும்.

இனி ரிஜிஸ்டர் கதைக்கு வருகிறேன். கேட்டை விட்டு நகர்ந்தால் அதில் எழுத வேண்டும்: போன நேரம், வந்த நேரம், காரணம். எந்தக் காரணம் செல்லும் என்று சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். தீ, அடிதடி, மேலதிகாரி அழைப்பு, உள்ளிருப்போர் எல்லை மீறல். நான்கே நான்கு. மூத்திரம் வந்தால் போவதற்கு அதில் இடமில்லை. தினமும் தீப்பிடித்தது என்று எழுத முடியுமா? அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். கக்கூஸுக்குப் போனாலும் டீ குடிக்கப் போனாலும் "எல்லை மீறல், அழைத்து வரப்பட்டார்" என்று எழுதி, வாய்க்கு வந்த எண் ஒன்றைப் போட்டுவிடுவோம். மாதக் கடைசியில் சூப்பிரண்டு மேடம் பக்கத்துக்குப் பக்கம் அடியில் கையெழுத்துப் போடுவார். அதை ஒரு மனிதப் பிறவி உட்கார்ந்து படிக்கும் என்று சத்தியமாக எங்களுக்குத் தோன்றவே இல்லை.

கேட்டுக்கு எதிரே ரோட்டைத் தாண்டினால் லாரிகளுக்கு எடை போடும் மேடை. லாரி ஏறி நின்றதும் மேலே பலகையில் சிவப்பு எழுத்தில் எண் ஓடும். மேனேஜர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்ப்பான். அவனுக்கு எண்கள் தெரியும். ஆனால் நடுவில் லாரி மறைக்கும், மரக்கிளை மறைக்கும், இவன் எட்டி எட்டிப் பார்ப்பான். எனக்கே கழுத்து வலிக்கும். ஒரு புதன்கிழமை மத்தியானம் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"கிட்டப் போய்ப் பாக்கறியா?"

"சரி" என்றான். வேறென்ன சொல்வான்.

என்னோடு டூட்டியில் இருப்பவனுக்குப் பேப்பர் என்று பெயர். எந்நேரமும் செய்தித்தாளை விரித்து வைத்திருப்பான். அவனைக் கேட்டில் உட்காரச் சொல்லிவிட்டு மேனேஜரைக் கூட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தேன். எடைமேடைக்காரர் நல்ல மனுஷன். லாரி இல்லாத நேரம் பார்த்து, "ஏறி நில்லுங்க சார்" என்று மேனேஜரை மேடையில் ஏற்றிவிட்டார். பலகையில் எண்பது வந்தது. அந்த மெஷினுக்கு இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும். மேனேஜருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. என்னையும் ஏறச் சொன்னான். நூற்று அறுபது. கைதட்டி, குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பதினோரு வருடத்தில் அந்த இல்லத்தில் யாரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

திரும்பும்போது அவனாகவே என் கையைப் பிடித்துக்கொண்டான். வண்டி வந்தால் என்னைத்தான் பின்னால் இழுத்தான். உள்ளே வந்து ரிஜிஸ்டரைத் திறந்தேன். இருபது நிமிஷம் கேட்டை விட்டுப் போயிருக்கிறேன். ஏதாவது எழுதியாக வேண்டும். எல்லை மீறல். எந்த எண்? மற்ற நாளில் வாயில் வருவதைப் போடுவேன். அன்றைக்கு அவன் பக்கத்தில் நிற்கிறான். பதினேழு என்று போட்டேன். அவன் வெளியே போனது நிஜம், நான் அழைத்து வந்ததும் நிஜம், பாதிப் பொய்தானே என்று மனதுக்குள் ஒரு நியாயம் வேறு. அதற்குப் பிறகு புதன்கிழமை என்றால் எடைமேடை, கையைப் பிடித்துக்கொண்டு போய் வருவது என்றாகிவிட்டது.

பத்துப் பதினோரு மாதம் போயிருக்கும். தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. மரியாதையான பிள்ளை, எனக்கு நாற்காலி போட்ட பிறகுதான் தான் உட்கார்ந்தார். ரிஜிஸ்டரை எடுத்து, பாவி, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். படித்துப் படித்து லேப்டாப்பில் தட்டிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் நிமிர்ந்தார்.

"இந்தப் பதினேழு யாருங்க? ஒரு வருஷத்துல அறுபத்தோரு தடவை தப்பிச்சு ஓடியிருக்காரு."

நாற்பத்து மூன்று என்னுடையது. மிச்சம்? மற்றவர்கள் டீ குடித்தது. கேட்டில் எப்போதும் நிற்பவன் அவன் என்பதால் எல்லாருக்கும் அந்த எண்தான் நினைவுக்கு வந்திருக்கிறது.

"அறுபத்தோரு தடவையும் விடாம பிடிச்சிருக்கீங்க. பெரிய விஷயம்" என்று அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நான் பல்லைக் காட்டினேன். அந்த நிமிஷம் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு மேலதிகாரி முதல்முறையாகக் கையைக் குலுக்குகிறார், பேப்பர் பார்த்துக்கொண்டிருக்கிறான், என்ன சொல்வது என்று தெரியாமல் அசட்டுத்தனமாகச் சிரித்துத் தொலைத்தேன். செருப்பால் அடித்துக்கொள்ளலாம் என்னை.

பன்னிரண்டாம் நாள் உத்தரவு வந்தது. பதினேழாம் எண், ஓடிப்போகும் அபாயம் உள்ளவர், மூடிய இல்லத்துக்கு மாற்றப்படுகிறார். ஒன்பது மணி நேரப் பயணம். அங்கே இரட்டைக் கேட். முதல் முப்பது நாள் பூட்டிய வார்டு, யாரும் பார்க்க முடியாது. அந்த முப்பது நாளில் ஓடப் பார்க்காமல் இருந்தால் திறந்த வார்டுக்கு அனுப்புவார்கள், சொந்தக்காரர் வந்து பார்க்கலாம். ஓடப் பார்த்தால் தொண்ணூறு நாள்.

உத்தரவைப் படித்த கையோடு சூப்பிரண்டு மேடம் அறைக்கு ஓடினேன்.

"அவன் ஓடல மேடம். ஒரு தடவைகூட ஓடல. நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

"என்னய்யா உளர்றீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். எடைமேடை, எண்பது கிலோ, டீ, கக்கூஸ், ஒன்று விடாமல்.

"கூட்டிட்டுப் போனா கூட்டிட்டுப் போனேன்னு எழுத வேண்டியதுதானே?"

"அப்படி எழுத அங்க எடமே இல்லையே மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கெட்ட மனுஷி இல்லை. இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு. "ஒவ்வொரு பக்கத்துலயும் என் கையெழுத்து இருக்குய்யா" என்றார். பிறகு என் முன்னாலேயே அந்த அதிகாரிக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கும்படி வைத்தார். எனக்காகவும் மேனேஜருக்காகவும் கெஞ்சினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தப் பக்கத்திலிருந்து குரல் கோபமே இல்லாமல் வந்தது. "உத்தரவு போட்டப்புறம் பதிவு பொய்னு சொன்னா யாரும் ஏத்துக்க மாட்டாங்க மேடம். சரி, அவர் சொல்றது உண்மைன்னே வெச்சுப்போம். உள்ள இருக்கிற ஒருத்தர் வாராவாரம் வெளிய போயிருக்கார், யாருக்குமே தெரியல. அப்ப உங்க கேட் அவருக்குப் பத்தாதுன்னுதானே ஆகுது? எப்படிப் பாத்தாலும் மாத்தித்தான் ஆகணும். அந்தச் செக்யூரிட்டிய எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. அதுக்கு விசாரணை தனியா நடக்கும்."

பொய் சொன்னாலும் அவன் போகிறான், உண்மை சொன்னாலும் அவன் போகிறான். இப்படி ஒரு கணக்கை நான் பள்ளிக்கூடத்தில்கூடப் பார்த்ததில்லை. இருந்தாலும் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். எடைமேடைக்காரரும் தன் பங்குக்கு ஒரு கடிதம் எழுதி, மேடையின் முத்திரையைக் குத்திக் கொடுத்தார். பேப்பர் என்மேல் எரிந்து விழுந்தான்.

"உன் வேலை போனா போகட்டும். என் பொழப்புல ஏன்டா மண்ணை அள்ளிப் போடற?"

இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், தான் எழுதிய ஒன்பது பொய்க்கும் அவனும் எழுதிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு, "உன்னால கெட்டேன்" என்று சொல்லி மறுபடி செய்தித்தாளை விரித்துக்கொண்டான். எதற்கும் பதில் வரவில்லை. வண்டி வரும் தேதி மட்டும் வந்தது.

தங்கச்சிக்கு ஆபீஸிலிருந்து கடிதம் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அன்றைக்கும் அவனுக்குத் தலை சீவினாள், நகம் வெட்டினாள். நான் போய் எதிரில் நின்றேன். ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வெளிய கூட்டிட்டுப் போறதுக்கு ஒரு ஃபாரம் இருக்குண்ணே" என்றாள். "சேக்கும்போதே குடுத்தாங்க. வீட்டு ஆளுங்க கையெழுத்துப் போட்டா கூட்டிட்டுப் போகலாம். எனக்கு லீவு கிடைக்காது, யாரு கூட்டிட்டுப் போகப் போறாங்கன்னு சும்மா வெச்சிருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா போட்டுக் குடுத்திருப்பேனே."

பதினோரு வருடம் அந்தக் கேட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அப்படி ஒரு ஃபாரம் இருப்பது எனக்குத் தெரியாது. வாரத்துக்கு ஒருநாள் அவள் என்னைத் தாண்டித்தான் உள்ளே போனாள், என்னைத் தாண்டித்தான் வெளியே வந்தாள். நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

மேனேஜர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, சரி" என்றான்.

போகிற அன்று காலை ஆறு மணிக்கு வண்டி நின்றது. அவன் வேறு யார் சொன்னாலும் ஏற மாட்டான் என்பதால் துணைக்கு என்னையே அனுப்பினார்கள். தங்கச்சி துணிப்பையோடு வந்திருந்தாள். எல்லாச் சட்டைக் காலரிலும் பதினேழு என்று நூலால் தைத்திருந்தாள். அவன் எதிரில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "சமர்த்தா இருக்கணும். முப்பது நாள்தான். எங்கயும் ஓடக் கூடாது, என்ன?" என்றாள். ஓடுவது என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது. வண்டி ஏறப்போகிற சந்தோஷத்தில் "சரி" என்றான்.

வழி முழுக்க முன்னால் போகிற வண்டிகளின் நம்பரைப் படித்துக்கொண்டே வந்தான். டிரைவர்கூட, "இவரையா ஓடுறவர்னு சொன்னாங்க?" என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முப்பது நாள். முப்பதே முப்பது நாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த ஒன்பது மணி நேரமும் உட்கார்ந்திருந்தேன். எங்கும் ஓடாதவனுக்கு முப்பது நாள் என்ன பெரிய விஷயம்? முப்பத்தொன்றாம் நாள் அவள் வந்து பார்க்கலாம். தூரம்தான், ஆனாலும் பார்க்கலாம்.

மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். உயரமான சுவர். ஒரு கேட்டைத் தாண்டினால் நடுவில் பத்தடி இடம், அதற்கப்புறம் இன்னொரு கேட். இடம் சுத்தமாகத்தான் இருந்தது. குறை சொல்ல முடியாது. அங்கே இருந்த செக்யூரிட்டி என்னைவிட இருபது வயது சின்னவன். நல்ல பையன். எனக்குத் தண்ணீர் கொடுத்தான், காப்பி கொடுத்தான். காகிதத்தில் எல்லாம் கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகு மெதுவாகச் சொன்னான்.

"சாப்பிட உக்கார வெச்சிருக்காங்கண்ணே. நீங்க அப்படியே கெளம்பிடுங்க. சொல்லிட்டுப் போனீங்கன்னா வம்பு."

சரியான புத்திதான். எங்கள் கேட்டில் எத்தனை அப்பா அம்மாவுக்கு இதையே நான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஆனால் என் கால் நகரவில்லை. திருடன் மாதிரி எப்படி நழுவுவது? சாப்பிட்டு முடித்து என்னைத் தேடுவான், கட்டில் கட்டிலாகப் போய்ப் பார்ப்பான், "கேட்டு மாமா" என்று முகம் தெரியாதவர்களிடம் கேட்பான். முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதுதான் மனுஷத்தனம் என்று பட்டது. உள்ளே போனேன்.

"மேனேஜர், நான் கெளம்பறேன்டா."

அவன் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தான். "சரி, போலாம்."

"நீ இல்ல. நீ இங்கயே இருக்கணும். நான் மட்டும் போறேன்."

"சரி" என்றான். மறுபடி உட்கார்ந்தான். அப்பாடா என்று இருந்தது. தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு விறுவிறு என்று நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவேன். உள் கேட்டை எனக்காகத் திறந்தார்கள். அந்தப் பத்தடி இடத்தில் பாதி தூரம் போயிருப்பேன். என் இடது கைக்குள் ஒரு கை வந்து நுழைந்தது.

எச்சரிக்கை மணி அடித்தது. நான்கு பேர் ஓடி வந்தார்கள். அவன் யாரையும் தள்ளவில்லை, கத்தவில்லை. என் கையை மட்டும் விடவில்லை. மணிச் சத்தத்துக்குப் பயந்து இன்னும் இறுக்கிக்கொண்டான். அவர்கள் அவன் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார்கள். பிரிந்தால் வலிக்கும், உடைந்தாலும் உடையும். "விடுங்க, நானே எடுத்துக்கறேன்" என்று சொல்லி, என் கையை நான்தான் உருவினேன். அவனைத் திருப்பி உள்ளே கூட்டிப்போனார்கள். போகிற வழியெல்லாம் கழுத்தைத் திருப்பி, "மாமா, சரி, மாமா, சரி" என்று சொல்லிக்கொண்டே போனான்.

அந்தப் பையன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். அவன் முகமும் செத்துப்போயிருந்தது.

"எழுதாதப்பா" என்றேன். "உன் கால்ல வேணாலும் விழறேன். என் பின்னாடி வந்தான், அவ்வளவுதான். ஓடல."

"கேமராவுல இருக்குண்ணே. மணி அடிச்சதும் மேல தானாவே தகவல் போயிடுது. நான் எழுதலன்னாலும் அது போனது போனதுதான்."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் வந்து கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி, வண்டியில் ஏற்றினார்.

ஒரு மணி நேரம் போனதும் தங்கச்சி போன் செய்தாள். பின்னால் தையல் மெஷின்கள் ஓடும் சத்தம்.

"போய்ச் சேந்துட்டீங்களாண்ணே? சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்மா."

"முப்பத்தொண்ணாம் நாள் வெள்ளிக்கிழமை வருது. இப்பவே லீவு சொல்லி வெச்சாத்தான் குடுப்பாங்க. சொல்லிடட்டுமா?"

இந்தத் தடவை பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "தொண்ணூறு ஆயிடுச்சும்மா" என்றேன்.

"ஏன்? என்ன பண்ணான்?"

"அவன் ஒண்ணும் பண்ணல. சொல்லாம கெளம்பிடுங்கன்னு சொன்னாங்க. எனக்கு மனசு கேக்கல, சொல்லிட்டு வந்தேன். பின்னாடியே வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டான்."

மெஷின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. போனை வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"வராம இருப்பானா?" என்றாள். "வெளிய போகணும்னா உங்க கையைப் பிடிச்சுக்கணும்னு வாராவாரம் நீங்கதானேண்ணே பழக்கினீங்க."

திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். டிரைவர் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டார். அவளும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.